எறிதல் ஆசானும் அவர் பணியும்

புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. மறக்குடித் தாய் ஒருத்தி, ஒரு வீரன் உருவாவதற்கு யார் யாருக்கு என்னென்ன கடமை உண்டு என்று எண்ணிச் சொல்லுவதாக அமைந்தது அது. பெற்று வளர்த்தல் தாயின் கடமை. சான்றோனாக்குதல் தந்தையின் கடமை. வேலை வடித்துக் கொடுத்தல் கொல்லனுடையது. நல்லொழுக்கம் நல்குதல் வேந்தனுடையது. இவ்விடத்தே பாடத்தை மாற்றி, நிலம் நல்குதல் எனப் பொருள் கொள்வாரும் உளர். போர்க்களத்தில் யானையை வீழ்த்தி மீளுதல் இளைஞனுடையது. ஆக ஐவர் கடமை கூறப்பட்டது. வகுப்பில் இப்பாட்டைப் படிக்குந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. வேலைச் செய்தவன் இருக்கின்றான். வேலை எறிந்தவன் இருக்கின்றான். எறியக் கற்பித்தவன் எங்கே? கொல்லனுக்குக் கிடைத்த ஓரடி இடந்தானும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆறாவது ஆளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். இக்காலத்தில் அவருக்குப் பெயரும் உண்டு, ஊதியமும் உண்டு. குண்டு, தட்டு, ஈட்டி, சங்கிலிக்குண்டு என்னும் நான்கு எறிபொருள்களையும் எறியக் கற்பிக்கும் பயிற்சியாளர் என்று அவரைச் சொல்லுவர். நம் நாட்டுக் கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே பந்தாட்டம், ஓட்டம், தாண்டல், எறிதல் அனைத்தையும் பார்த்துக்கொள்கின்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலோ எறிதலுக்கென்றே தனி ஆசான் ஒருவர் இருக்கின்றார். எறிதல் என்பது கைவலிமையன்றி வேறென்ன, அதற்கொரு தனி ஆசான் வேண்டுமோ என்று கேட்பவர்க்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் பிறந்த ஏழாயிரம்பண்ணை, சாத்தூருக்குத் தென்மேற்கே கரிசற்காட்டின் நடுவே உள்ள ஊர். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் தீப்பெட்டிச் சாலைகளும் பட்டாசுச் சாலைகளும் நிறைந்த நாடு அது. வலிமைக்கு எம் பக்கத்திற் குறைவில்லை. தென்பாண்டி நாட்டு ஊர்கள் பலவற்றில் இன்றும் மந்தையிலோ கோயில் முன்றிலிலோ இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல் கிடப்பதைக் காணலாம். அதனைத் தூக்கித் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்புறம் தள்ளுபவனே மணமகனாகத் தக்கவன் என்பது முன்னோர் வழக்கு. சிறு பருவத்தில் அக்கல்லை அசைக்கமாட்டாமல் யாம் வியர்த்து நின்றபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, கையால தூக்காத, தொடையால தூக்கு” என்றார். எறிதற்கலையின் முதற்பாடம் அதுவே என்பது பல ஆண்டு கழித்தே எமக்கு விளங்கிற்று.

எறிதல் கற்பிக்கும் மரபு எம் நாட்டில் இல்லாதிருந்ததன்று, இருந்து அறுந்தது. மறவரும் கள்ளரும் வாழ்ந்த பகுதிகளில் வளரி, வளைதடி என்று சொல்லப்படும் வளைந்த எறிபடை வழங்கியது. ஆங்கிலேயப் படைத்தலைவராகிய ஜேம்ஸ் வெல்ஷ் என்பார் 1830-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பு நூலில், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதற் கற்பித்தவர் சிவகங்கைச் சின்ன மருதுவே என்று எழுதியிருக்கின்றார். தேர்ந்த கையிலிருந்து செல்லும் வளரி நூறு கஜத்திற்குட்பட்ட எந்தக் குறியையும் தப்பாது என்பதும் அவர் தரும் செய்தி. எமக்குத் தெரிந்தவரை, நம் பக்கத்து எறிதல் ஆசான் ஒருவரைப் பெயர் சொல்லி, மாணவரே எழுதிவைத்த முதற் குறிப்பு அதுதான். அந்த மாணவர் பின்னர் எதிர்ப்படையிலிருந்து தம் ஆசானோடு போர் செய்ய நேர்ந்தது. 1801-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கால் முறிந்த நிலையிற் பிடிபட்ட தம் பழைய ஆசானை நினைந்து வெல்ஷ் எழுதும் பகுதியில் வெற்றிப் பெருமிதம் காணப்படவில்லை; வருத்தமே காணப்படுகின்றது.

அதற்கு இரண்டாண்டு முன்னர், கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்றாயிருந்தது. 1799-ஆம் ஆண்டில் பானர்மன் என்னும் தளபதி அப்பாளையங்களைப் பறிமுதல் செய்தபோது, கோட்டைகளை இடிக்கவும் குடிகள் படைக்கலம் வைத்திருத்தலை ஒழிக்கவும் கட்டளை பிறந்தது. வேல் பிடித்தல் குற்றமான நாட்டில் வேல் எறியக் கற்பிப்பவனுக்கு வேலை ஏது? கல் தூக்குதல் மட்டும் எஞ்சிற்று. கல்லை யாரும் படைக்கலம் என்று சொல்லவில்லை போலும்.

அறுந்த இடத்தில் வேறொரு முடிச்சு விழுந்தது சென்னையில். அமெரிக்க நாட்டிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ஆம் ஆண்டில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றை அங்கே தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி நம் நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குச் சென்ற இந்திய ஒலிம்பிக் குழுவிற்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. 1943-ஆம் ஆண்டில் மறையும்வரை சென்னையிலேயே பணி செய்தார். நம் மாகாணத்துப் பள்ளிகளில் குண்டும் தட்டும் ஈட்டியும் பரவியதற்கு அக்கல்லூரியிற் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் பெரிதும் காரணமாவர். ஆயினும் ஒருவரே பலவற்றையும் கற்பிக்கும் வழக்கமும் அப்போதே வேரூன்றிவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அக்காலத்திற்கு அது போதுமானதாயிருந்தது.

இனி, கற்பிப்பதுதான் என்ன என்று பார்ப்போம்.

எம் ஊர்ப்பக்கத்திற் செய்யப்படும் வாணம் தன் மருந்தைத் தன் வயிற்றிலேயே சுமந்து, எரித்துக்கொண்டே மேலே போகும். குண்டுக்கு அந்தப் பேறு இல்லை. கையை விட்டு நீங்கிய அந்த நொடியில் அதற்கு என்ன வேகம் இருந்ததோ அதுவே அதன் முழுச் சொத்து. பிறகு ஒரு காசும் சேராது. ஆதலின் எறிதலின் வெற்றி தோல்வி எல்லாம் கை நீங்குமுன்னரே முடிந்துவிடுகின்றது. அவ்வமயம் மூன்றே பொருள்கள் தூரத்தை அறுதியிடுகின்றன: வேகம், சாய்வு, தரையிலிருந்து கையின் உயரம். இம்மூன்றனுள் வேகமே அரசன். ஆடவர் எறியும் குண்டு 7.26 கிலோ நிறையுடையது. அதனை 20 மீட்டர் தூரம் எறிய நொடிக்கு 13 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகம் வேண்டும். இவ்வேகத்தில் அரை மீட்டர் கூடினால் தூரத்தில் ஏறத்தாழ 1.3 மீட்டர் கூடுகின்றது. சாய்வோ, அதே வேகத்தில் மூன்று பாகை மாறினாலும் ஒரு சாணளவு வேறுபாடே தருகின்றது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 45 பாகையே சிறந்தது என்று படித்த மாணவன், குண்டை அவ்வாறே எறியப் பார்ப்பான். ஆனால் குண்டு தோளுயரத்திற்கு மேலிருந்து புறப்படுவதாலும், மேல்நோக்கித் தள்ளுந்தோறும் உடலின் வலிமை குறைவதாலும், வல்லவர்கள் 40 பாகைக்கும் கீழேதான் விடுகின்றார்கள். புத்தகத்தை நம்பிய மாணவனைப் புத்தகத்தினின்று மெல்ல மீட்பதும் ஆசானின் வேலைகளுள் ஒன்று!

அவ்வேகம் எங்கிருந்து வருகின்றது? கையிலிருந்து என்பார் பாமரர். கை மட்டும் எறிந்தால் குண்டு பத்து மீட்டரைத் தாண்டுவதே அரிது. வேகம் பாதத்திற் பிறந்து, முழங்காலில் வளர்ந்து, இடுப்பிற் பெருகி, தோளுக்கு ஏறி, விரலில் வந்து முடிகின்றது. சாட்டையைச் சொடுக்குபவன் கைப்பிடியைச் சிறிதே அசைக்கின்றான். நுனியோ காற்றைக் கிழிக்கின்றது. அதுபோல ஒவ்வோர் உறுப்பும் தான் ஓடித் தான் நின்று, தன் வேகத்தை அடுத்த உறுப்பிற்குக் கொடுத்துவிட வேண்டும். நிற்றல் என்பதே இங்குப் பெரும்பொருள். ஓடும் பேருந்து திடீரென நிறுத்தப்பட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னே தூக்கி எறியப்படுகின்றார் அல்லவா? ஈட்டி எறிபவன் ஓடிவந்து, இடக்காலைக் கோலூன்றியதுபோல் நேரே ஊன்றி, உடலைப் பேருந்துபோல் நிறுத்துகின்றான். தோளும் கையும் பயணிபோல் முன்னே பாய்கின்றன. அந்த இடக்கால் சிறிது மடங்கினாலும் சேர்த்த வேகமெல்லாம் தரையிற் கொட்டிப்போகும். பார்வையாளர் அனைவரும் ஈட்டி போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆசான் மட்டும் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குண்டெறிதலுக்கு உரிய வட்டம் 2.135 மீட்டர் குறுக்களவே உடையது. அந்தச் சிறு வட்டத்துள் எவ்வளவு நீண்ட வழி குண்டைத் தள்ளிச் செல்லலாம் என்பதே அக்கலையின் வரலாறு முழுதும். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற பாரி ஓ’பிரையன் என்னும் அமெரிக்கர், எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னோக்கி வழுக்கிவந்து திரும்பி எறியும் முறையைக் கையாண்டு, 1954-ஆம் ஆண்டில் 60 அடியைத் தாண்டிய முதல் மனிதரானார். இருபதாண்டு சென்றபின் இரஷ்ய நாட்டு அலெக்சாந்தர் பாரிஷ்னிக்கோவ், தட்டெறிபவரைப்போற் சுழன்று குண்டெறியலானார். 1976-ஆம் ஆண்டில் 22.00 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். அவருக்குப் பின்னே நின்றவர் லெனின்கிராது நகரத்து விக்டர் அலெக்சேயேவ் என்னும் ஆசான். இன்று உலகச் சாதனையாகிய 23.56 மீட்டரை 2023-ஆம் ஆண்டில் எறிந்த ரயன் கிரவுசரும் சுழல்பவரே. அவருக்கு ஆசான் அவர் தந்தை. பொன்முடியார் வகுத்த தந்தையின் கடமையில் ஒரு படி கூட்டிச் செய்தார் என்க.

எறிதல் ஆசானின் வாழ்க்கைப் பாதை பெரும்பாலும் ஒரே விதமாகத் தொடங்குகின்றது. அவரும் ஒருகாலத்தில் எறிந்தவராயிருப்பார். தோளோ முதுகோ முழங்காலோ ஒரு நாள் மறுத்துவிடும். பிறகு விசில் ஒன்றும் அளவுநாடா ஒன்றும் கைக்கு வரும். இதற்கு ஜெர்மனி நாட்டு ஊவ ஹோன் என்பவரைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. 1984-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் கிழக்கு பெர்லினில் அவர் எறிந்த ஈட்டி 104.80 மீட்டர் சென்றது. நூறு மீட்டரைக் கடந்தவர் அவர் ஒருவரே. அந்த எறியும் ஏனைய காரணங்களும் சேர்ந்து, ஈட்டிகள் மைதானத்தின் எல்லையை மீறிவிடுமோ என்ற அச்சத்தை விளைத்தன. அன்றியும் அவை முனை குத்தாமற் படுத்து வீழ்ந்து நடுவர்களைத் தொல்லைப்படுத்தின. எனவே 1986-ஆம் ஆண்டு முதல் ஈட்டியின் எடைமையம் 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளி அமைக்கப்பட்டது. சாதனைப் பட்டியலும் புதிதாய்த் தொடங்கப்பட்டது. ஹோனின் நாடு 1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அவர் அங்கும் செல்லவில்லை. விரைவில் முதுகு நோய் அவரை நிறுத்திவிட்டது. மற்றவர் இதனோடு ஓய்ந்திருப்பர். அவர் ஆசானானார். அவரிடம் பயின்ற சீன வீரர் சாவோ சிங்காங் 2014-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் 89.15 மீட்டர் எறிந்தார்; நம் நாட்டு நீரஜ் சோப்ரா 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் 88.06 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் பெற்றார்.

நீரஜ் சோப்ரா என்றதும் டோக்கியோ நகரில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் எறிந்த 87.58 மீட்டரே எல்லாருக்கும் நினைவு வரும். அந்த ஓர் எறிக்குப் பின்னே நின்ற ஆசான்களை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அரியானாவின் கண்டிரா என்னும் சிற்றூரிலிருந்து, பருத்த உடம்பைக் குறைத்துக்கொள்ளுமாறு பானிப்பட்டு மைதானத்திற்கு அனுப்பப்பட்ட சிறுவன் அவர். அங்கே ஈட்டி எறிந்துகொண்டிருந்த ஜெய்வீர் சௌத்திரி என்பவர், பயிற்சியே இல்லாத அச்சிறுவனின் எறியைப் பார்த்து அவன் கையில் ஏதோ உண்டு என்று கண்டுகொண்டார். பின்னர்ப் பஞ்சகுலா விளையாட்டரங்கில் நசீம் அகமது என்னும் ஆசான் கைக்கொண்டார். அவருக்குப் பின் ஆஸ்திரேலிய நாட்டுக் காரி கால்வர்ட் வந்தார். அவர் காலத்தில், 2016-ஆம் ஆண்டு போலந்து நாட்டில், 86.48 மீட்டர் என்னும் இளையோர் உலகச் சாதனை பிறந்தது. அடுத்து ஹோன், அவருக்கு அடுத்து உடலியக்க நூல் வல்லவராகிய கிளாவுஸ் பார்தோனிட்ஸ். டோக்கியோ வெற்றியும், 2023-ஆம் ஆண்டு புடாபெஸ்டு உலகப் போட்டியில் 88.17 மீட்டரும், 2024-ஆம் ஆண்டு பாரிசில் வெள்ளிப் பதக்கம் தந்த 89.45 மீட்டரும் அவர் காலத்தவை. அதற்குப் பின், 98.48 மீட்டர் என்னும் உலகச் சாதனைக்கு உரியவராகிய யான் ஜெலெஸ்னி. அவரிடம் சேர்ந்த சில மாதங்களில், 2025-ஆம் ஆண்டு மே மாதம் தோஹாவில், ஈட்டி 90.23 மீட்டர் சென்று தொண்ணூறைத் தாண்டிற்று. ஆறு ஆசான்கள், ஒரு கை. இவர்களுள் யார் பெரியவர் என்று எம்மைக் கேட்டால் முதல்வரையே சொல்லுவோம். ஏனையோர் பெயர் பெற்ற வீரனுக்கு ஆசானாயினர். அவரோ யாருமல்லாத சிறுவனுக்கு ஆசானானார். அந்த ஒருவர் பானிப்பட்டில் அன்று இல்லாதிருந்தால் பின்வந்த ஐவர்க்கும் அங்கே வேலையில்லை.

கல்லூரியில் வைத்தே உலக வீரரை உருவாக்கிய ஆசானுக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மோ சாத்தாராவைச் சொல்லலாம். கனடாவிலிருந்து அங்கே படிக்க வந்த கேம்ரின் ராஜர்ஸ் என்னும் பெண்ணுக்குச் சங்கிலிக்குண்டும், லிதுவேனியாவிலிருந்து வந்த மிக்கோலஸ் அலெக்னாவுக்குத் தட்டும் கற்பித்தவர் அவர். ராஜர்ஸ் மாணவியாயிருந்தபோதே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வெற்றிப் பட்டத்தை மூன்று முறை பெற்று, 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 76.97 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் வென்றார். அலெக்னா அதே ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றார். அதற்குச் சில மாதங்கள் முன்னே 74.35 மீட்டர் எறிந்து, 1986 முதல் யாராலும் அசைக்கப்படாதிருந்த தட்டெறிதல் உலகச் சாதனையை முறியடித்திருந்தார். காலையில் வகுப்பு, மாலையில் வட்டம், தேர்வுக்காலத்தில் பயிற்சி குறைத்தல் என்று பாடத்தோடு ஒட்டி நடைபெறும் வாழ்க்கை அது. ஆண்டு முழுவதும் கல்லூரி ஆசானின் கையில் இருப்பதில்லை. மாணவன் கையிலிருப்பதே நான்கு ஆண்டு. இரண்டாம் ஆண்டில் முழங்கால் நேராவதற்குள் நான்காம் ஆண்டு வந்துவிடும். வளர்ந்தபின் பயிரை வேறொருவர் அறுப்பார்.

நம் நாட்டில் பகதூர் சிங்கின் வாழ்க்கை சிறிது வேறானது. 1978-ஆம் ஆண்டு பாங்காக்கிலும் 1982-ஆம் ஆண்டு தில்லியிலும் ஆசிய விளையாட்டில் குண்டெறிந்து இருமுறை பொன் வென்றவர் அவர். 1995-ஆம் ஆண்டில் இந்தியத் தடகளத் தலைமைப் பயிற்சியாளராகி, கால் நூற்றாண்டு அப்பதவியில் இருந்தார். டோக்கியோ ஒலிம்பிக் 2020-ஆம் ஆண்டில் நடந்திருக்க வேண்டியது. கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அதற்கிடையில் வயது வரம்பு குறுக்கிட, அவ்வாண்டு நடுவிலேயே அவர் பதவி நீங்கினார். இந்தியத் தடகளத்தின் முதல் ஒலிம்பிக் பொன் அடுத்த ஆண்டு வந்தது. இத்தகையவர்க்கு நம் அரசு அளிக்கும் சிறப்புக்குத் துரோணாசாரியர் விருது என்று பெயர். பகதூர் சிங்கும் அதனைப் பெற்றவரே. மாணவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய ஆசானின் பெயரை ஏன் தேர்ந்தார்களோ, அறியோம். விரல் போனபின் ஈட்டியைப் பிடிப்பது எங்ஙனம்?

விளையாட்டாகச் சொன்னோமேனும், மாணவனின் உடம்பையே காணிக்கையாக வாங்கிய ஆசான்மாரும் இத்துறையில் இருந்திருக்கின்றனர். பழைய கிழக்கு ஜெர்மனியில் அரசே முன்நின்று விளையாட்டு வீரர்க்கு ஊக்கமருந்து கொடுத்து வந்தது. ஹெய்டி கிரீகர் என்னும் பெண் 1986-ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியிற் குண்டெறிந்து முதலிடம் பெற்றார். பதினாறு வயது முதல் அவருக்கு நீல நிற மாத்திரைகள் கொடுக்கப்பட்டு வந்தன. அவை சத்து மாத்திரைகள் என்றே அவரிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அவை ஆண்தன்மை வளர்க்கும் மருந்துகள். உடம்பும் மனமும் பெரிதும் வருந்தியபின் அவர் ஆந்திரேயாஸ் என்னும் பெயரோடு ஆணாக வாழ்க்கையை மேற்கொண்டார். 2000-ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த வழக்கில் சாட்சியமும் கூறினார். அவ்வழக்கில் அந்நாட்டு விளையாட்டுத் தலைவர்களாயிருந்தோர் தண்டிக்கப்பட்டனர். எறிதலில் வலிமை உடனே எண்ணாகத் தெரிந்துவிடுகின்றது. ஆதலின் இத்துறையில் இந்த ஆசை மற்றவற்றினும் கொடியது. ஆசான் கொடுப்பதை மாணவன் கேள்வியின்றி விழுங்குகின்றான். அந்த நம்பிக்கையே ஆசானின் செல்வம். அதுவே அவர் கையில் உள்ள நஞ்சும் ஆகலாம்.

ஆசானின் பொறுப்பில் மற்றொன்று காவல். 2019-ஆம் ஆண்டில் கேரளத்துப் பாலா என்னும் ஊரில் நடந்த இளையோர் போட்டியில், ஈட்டியெறிதலும் சங்கிலிக்குண்டெறிதலும் ஒரே வேளையில் நடத்தப்பட்டன. ஈட்டிகளை எடுத்துவரும் தொண்டராக நின்ற பள்ளி மாணவர் ஒருவர் மீது சங்கிலிக்குண்டு விழுந்து அவர் உயிர் துறந்தார். பட்டாசுச் சாலைகளின் நடுவே வளர்ந்த எமக்கு இது புரியாத செய்தியன்று. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருத்தலாகாது, மருந்தை இத்தனைக்கு மேல் வைத்தலாகாது என்று எழுதிவைத்த விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் வீட்டு அழுகை இருக்கின்றது. ஒருவர் எறியும்போது மற்றவர் வட்டத்தின் பின்னே நிற்றல், எல்லாரும் எறிந்த பிறகே சேர்ந்து சென்று எடுத்தல், ஈட்டியை எடுத்துத் திரும்பும்போது எறியாது நடந்து வருதல் என்னும் மூன்றையும் முதல் நாளிலேயே கற்பியாதவர், எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் ஆசானாகத் தக்கவரல்லர் என்பது எம் கருத்து.

இத்துறையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்கு வழி இல்லாமலில்லை. பட்டம் பெற்றபின் உடற்கல்வியில் பட்டம் பெறலாம். சென்னையில் பக் தொடங்கிய கல்லூரியும் காரைக்குடியில் அழகப்பர் பெயரால் வழங்கும் கல்லூரியும் அதற்கு உண்டு. அதன்மேல், 1961-ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிலையத்தில் தடகளப் பயிற்சியாளர்க்குரிய சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அரசு விளையாட்டு விடுதிகளிலும், இரயில்வே, காவல்துறை, படைத்துறை முதலிய இடங்களிலும் அத்தகையோர்க்கு வேலை கிடைக்கின்றது. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அவர் வருவது அரிது. எம் ஊரிலே பள்ளியை முடித்த கையோடு தீக்குச்சி அடுக்கவும் திரி சுற்றவும் செல்லும் ஆண்பிள்ளை பெண்பிள்ளைகளுள் எத்தனை தோள்கள் எறியாமலே வீடு திரும்புகின்றன என்பதை எண்ணும்போது எமக்கு நெஞ்சு கனக்கின்றது. ஓடுவதற்குத் தெரு போதும். அங்கே ஒருவன் தன் வேகத்தைத் தானே கண்டுகொள்வான். எறிதலைத் தானே கண்டுகொள்ள முடியாது. காலைப் பார்ப்பதற்கு மற்றொருவர் கண் வேண்டும்.

வள்ளுவர், முயல்மேற் பட்ட அம்பைக் காட்டிலும் யானையைத் தப்பிய வேலை மேலாகப் பாராட்டுகின்றார். நம் ஆண்டு விழா நடுவர்களோ கோட்டுக்கு வெளியே வீழ்ந்த வேலை அளப்பதும் இல்லை. ஆதலின் கோடு போடும் முறையையேனும் இங்குச் சொல்லிவிடுவோம். ஆசான் வருமுன் ஊர் இளைஞரே செய்யக்கூடியது அது. குண்டு, தட்டு, சங்கிலிக்குண்டு மூன்றும் விழவேண்டிய பரப்பு 34.92 பாகை விரிந்தது என்று விதிநூல் கூறும். இதனை அளக்கக் கருவி எதுவும் வேண்டா. வட்டத்தின் நடுவிலே ஒரு முளையை அடித்து, அதிலிருந்து 20 மீட்டர் நீளமுள்ள கயிறுகள் இரண்டினை முன்னோக்கி இழுத்து, அவற்றின் முனைகள் ஒன்றுக்கொன்று சரியாக 12 மீட்டர் விலகி நிற்குமாறு பிடித்தால் அந்த விரிவு தானே அமைந்துவிடும். வேறு நீளத்திற்கு வேண்டுமானால் மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் விழுக்காடு கணக்கிட்டுக்கொள்க. கயிற்றின் வழியே சுண்ணாம்பு தூவ வேண்டியதுதான். கோடையில் எம் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும்; அப்போது குண்டு விழுந்த தடம் தெரியாது. கார்த்திகை மழை ஓய்ந்து மண் சற்று இறுகிய பிறகு, தை மாசி மாதங்களில், குண்டு விழுந்த குழி கிண்ணம்போல் தெளிவாக நிற்கும். வட்டத்திற்கு மிக அருகிலுள்ள அக்குழியின் விளிம்பிலிருந்து நாடாவைப் பிடித்து, அதனை வட்டத்தின் நடு முளை வரை நேரே இழுத்து, வட்டத்தின் உள்விளிம்பில் வரும் எண்ணைப் படித்தல் வேண்டும்.